மின்னூல் பதிப்பகத்துக்கு அனுப்பிய காதல் நாவல்: 18 வாரமாகப் பதில் இல்லை, என்ன செய்வது?

கேள்வி: கானாடுகாத்தானிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிய முதல் காதல் நாவலைச் சென்னையில் இயங்கும் ஒரு மின்னூல் பதிப்பகத்துக்குப் பிப்ரவரி 3ஆம் தேதி மின்னஞ்சலில் அனுப்பினேன். முதல் 3 அத்தியாயங்களையும் 500 சொற்களுக்கு மிகாத கதைச்சுருக்கத்தையும் வேர்ட் கோப்பாக அனுப்ப வேண்டும் என்றும், 12 வாரங்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படும் என்றும், அதுவரை வேறு எவருக்கும் கதையை அனுப்பக் கூடாது என்றும் அவர்களுடைய விதிமுறையில் எழுதியிருந்தது. அஞ்சல் கிடைத்துவிட்டது என்ற தானியங்கிப் பதில் அன்றைக்கே வந்தது. ஏப்ரல் 28ஆம் தேதியோடு 12 வாரம் முடிந்துவிட்டது. இன்று ஜூன் 9, இதுவரை வேறு ஒரு வரியும் வரவில்லை.

பல பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட பூர்வீக வீட்டை விற்பதற்குக் கையெழுத்து வாங்க ஊருக்கு வரும் ஒரு பெண்ணும், ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்தும் ஓர் இளைஞனும் சந்திப்பதுதான் கதை. கதை பிடிக்காமல் போயிருந்தால் அதையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? நினைவூட்டிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. என் தம்பி மகனோ, காத்திருக்காமல் நாமே அமேசானின் கிண்டில் மின்னூல் தளத்தில் ஏற்றிவிடலாம் என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி: தேவகோட்டையிலிருந்து, பக்க வடிவமைப்புத் தொழில் செய்பவர்

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்ற கேள்விக்குப் போகுமுன், அவர்களால் உங்கள் கோப்பைப் படிக்க முடிந்ததா என்று பார்க்க வேண்டும். தானியங்கிப் பதில் வந்தது என்பதற்கு அஞ்சல் போய்ச் சேர்ந்தது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தீர்கள்? எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒருங்குறியா (யூனிகோடு), பாமினி என்ற பழைய எழுத்துருவா? அனுப்பிய அதே கோப்பை உங்கள் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று, மின்னஞ்சலில் ஸ்பேம் பகுதியை இத்தனை நாளில் ஒரு தடவையாவது பார்த்தீர்களா?

கேட்டவர்

ஐயா, நானே தட்டச்சு செய்யவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதியதைக் காரைக்குடியில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து அடித்து வாங்கினேன். எழுத்துரு பாமினி என்று கடைக்காரர் இப்போது சொல்கிறார். வீட்டுக் கணினியில் அவரே எழுத்துருவையும் நிறுவித் தந்ததால் எனக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. நீங்கள் சொன்னபடி கைபேசியில் திறந்தேன்; பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குவிந்து கிடக்கின்றன. ஸ்பேம் பகுதியை இன்றுதான் முதன்முறையாகத் திறந்தேன், அதில் விளம்பரங்கள் மட்டுமே இருக்கின்றன.

மறுமொழி: தேவகோட்டையிலிருந்து

அப்படியானால் காரணம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. பாமினியில் தமிழ் எழுத்தின் உருவம் ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனக்கென்று ஓர் எண் இருப்பதால் எங்கே திறந்தாலும் தமிழாகவே நிற்கும். தமிழக அரசே 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் அச்சுக் கடைகளில் பாமினி போகவில்லை, கைப்பழக்கம் அப்படி. ஸ்பேமில் விளம்பரம் மட்டும் இருப்பதை வைத்து எதுவும் வரவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஜிமெயில் அந்தப் பகுதியில் விழுந்ததை 30 நாளில் தானாகவே அழித்துவிடும். பிப்ரவரியில் ஏதேனும் வந்திருந்தால் இப்போது அதன் சுவடே இருக்காது.

என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றும் மென்பொருளில் கொடுத்தால் கோப்பு சில நொடிகளில் ஒருங்குறிக்கு வந்துவிடும். வந்ததை அப்படியே அனுப்பிவிடாதீர்கள், வேலையே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. பாமினியில் அடிப்பவர்கள் பலர் ‘ர்’ என்ற எழுத்துக்குத் துணைக்காலை அடித்து அதன் மேல் புள்ளி வைத்துவிடுவார்கள்; தாளில் பார்க்க வேறுபாடே தெரியாது, ஒருங்குறியிலோ ‘அவர்’ என்று தேடினால் ஒன்றுகூட அகப்படாது. துணைக்காலின் மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது என்பதால், இதைத் தேடி மாற்றும் ஆணையால் ஒரே மூச்சில் திருத்திவிடலாம். ‘ஔ’ வரிசை அப்படியல்ல. ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக அடித்திருப்பார்கள். அதை மொத்தமாக மாற்றப் போனால் ‘தெளிவு’, ‘வெள்ளி’ எல்லாம் கெட்டுவிடும். அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும். கதையில் எங்காவது ஆங்கிலச் சொல்லை ஆங்கிலத்திலேயே அடித்திருந்தால் அந்த மென்பொருள் அதையும் தமிழென்று நினைத்து உளறிவைக்கும், அதையும் கவனியுங்கள்.

மறுமொழி: பள்ளத்தூரிலிருந்து, மின்னூலாகச் சில காதல் நாவல்கள் வெளியிட்டவர்

ஆச்சி, நினைவூட்டல் எழுதினால் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர்களே சொன்ன கெடு கடந்துவிட்டது. கடிதம் ஐந்தாறு வரிக்குமேல் போகாமல், குற்றம் சாட்டாமல் இருந்தால் போதும். நாவலின் பெயர், அனுப்பிய தேதி, அனுப்பிய மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, “அன்று அனுப்பிய கோப்பு ஒருங்குறியில் இல்லாததால் தங்களால் படிக்க இயலாமல் போயிருக்கலாம் எனக் கருதித் திருத்திய கோப்பை இத்துடன் இணைத்துள்ளேன், பரிசீலனையின் நிலையைத் தெரிவிக்க வேண்டுகிறேன்” என்று முடித்துவிடுங்கள். பழைய தானியங்கிப் பதில் வந்த அதே அஞ்சலுக்குப் பதிலாக அனுப்பினால் அவர்கள் தேடுவது எளிது.

எப்படியும் மறுபடி அனுப்பப் போகிறீர்கள் என்பதால் கேட்கிறேன், நாயகன் எந்த அத்தியாயத்தில் வருகிறான்? கதைச்சுருக்கத்தில் முடிவைச் சொல்லியிருக்கிறீர்களா?

கேட்டவர்

நாயகன் 5ஆம் அத்தியாயத்தில் வருகிறான். முதல் மூன்றில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டையும், அவளுடைய ஐயா பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவந்த கதையையும் எழுதியிருக்கிறேன். சுருக்கத்தை, ‘வீடு விற்கப்பட்டதா, அவர்கள் இணைந்தார்களா?’ என்ற கேள்வியோடு நிறுத்தியிருக்கிறேன்; படிப்பவருக்கு ஆவல் வர வேண்டும் என்று நினைத்தேன்.

மறுமொழி: பள்ளத்தூரிலிருந்து

அந்த ஆவல் வாசகருக்கு வர வேண்டியது. கதைச்சுருக்கத்தைப் படிக்கும் பதிப்பாசிரியருக்கு, கதை எங்கே போய் முடிகிறது, அந்த முடிவுக்கு நீங்கள் நியாயம் செய்திருக்கிறீர்களா என்பது தெரிந்தாக வேண்டும். ஆகவே முடிவை ஒளிக்காமல் எழுதுங்கள். காதல் நாவல் என்று அனுப்பிவிட்டு முதல் 3 அத்தியாயத்தில் நாயகனே தலைகாட்டாவிட்டால், கோப்பு சரியாகத் திறந்திருந்தாலும் அவர்கள் தயங்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. வீட்டைப் பற்றி எழுதியதைத் தூக்கிப்போட வேண்டாம். பட்டாலையில் பெயர்ந்துபோன தரைக்கல்லை மாற்ற அவனை முதல் அத்தியாயத்திலேயே வரச் சொல்லுங்கள். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கல் வார்க்கிற கை எப்படிப்பட்டது என்பதை அவள் பார்க்கட்டும். வீடும் அவள் கண்வழியாகவே வந்துவிடும். (நம் ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் தேக்குத் தூணைக் கண்டால் பேனா நின்றுவிடுகிறது, நானும் விதிவிலக்கல்ல.)

கிண்டில் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அங்கே கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர்த்துவிட்டால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தர முடியாது; இங்கேயோ பரிசீலனை நடக்கும்போது வேறிடம் தரக் கூடாது என்ற விதிக்கு உட்பட்டிருக்கிறீர்கள். போக விரும்பினால், ‘பரிசீலனையிலிருந்து கதையைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று முதலில் எழுதி அனுப்பிவிட்டுப் போங்கள்.

மறுமொழி: காரைக்குடியிலிருந்து, வழக்கறிஞர்

பரிசீலனைக்கு அனுப்பியதனால் மட்டும் உங்கள் உரிமை எதுவும் அவர்களுக்குப் போய்விடவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19இன்படி உரிமை ஒப்படைப்பு எழுத்தில் இருந்து அதில் நீங்கள் கையொப்பம் இட்டிருந்தால்தான் செல்லும். கதையை யாரேனும் திருடிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பதிவு செய்ய ஓட வேண்டியதில்லை. எழுதியபோதே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் அன்று. தேதியோடு கூடிய அந்த மின்னஞ்சலையும் கையெழுத்து நோட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வரும் நாளில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், மகிழ்ச்சியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்று கொள்ளும். ஆனால் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று எழுதியிருந்தால், அது உங்கள் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் ஆகும். மின்னூலுக்கு மட்டும் உரிமை கேட்கிறார்களா, அச்சு, ஒலிநூல், திரைப்படம் எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டார்களா என்று பாருங்கள். இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தத்தை எழுதாமல் திருப்பூட்டுகிற (தாலி கட்டுகிற) வழக்கம் நகரத்தார் வீடுகளில் இல்லை. உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கேட்டவர், ஜூன் 23

அனைவருக்கும் நன்றி. தேவகோட்டை ஐயா சொன்னபடி மாற்றித் திருத்தினேன். துணைக்கால் புள்ளி ஒரே நிமிடத்தில் சரியானது, ‘ஔ’ வரிசைக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதி, சுருக்கத்தில் முடிவையும் சேர்த்து, ஜூன் 15 அன்று அனுப்பினேன். நான்காம் நாளே பதில் வந்தது. கோப்பைப் படிக்க முடியவில்லை, ஒருங்குறியில் அனுப்புங்கள் என்று பிப்ரவரியிலேயே எனக்கு எழுதினார்களாம். நான் விடை தராததால் கதையை ஒதுக்கிவைத்துவிட்டார்களாம். இப்போது புதிதாகப் பதிந்துகொண்டு, ஜூன் 19 முதல் 12 வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். செப்டம்பர் 11 வரை காத்திருக்க வேண்டும். அவர்களுடைய முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், ஸ்பேமையும் வாரம் ஒரு முறை பார்க்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். ‘பட்டறை’ என்பது 2ஆம் அத்தியாயம் முழுவதும் ‘பட்டரை’ என்று இருப்பதை நேற்றிரவு கண்டேன். திருத்தி மறுபடியும் அனுப்பட்டுமா?

மறுமொழி: பள்ளத்தூரிலிருந்து

வேண்டாம், ஆச்சி. ஒரே கதைக்கு மூன்று கோப்புகள் போனால் எதைப் படிப்பது என்று அவர்கள் குழம்புவார்கள். உங்களிடம் உள்ள கோப்பில் திருத்தி வையுங்கள். முழுப் பிரதியைக் கேட்டு எழுதும்போது அதை அனுப்பலாம்.