வெள்ளத்தில் மூழ்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு: சரிசெய்யலாமா, பாகங்களாகப் பிரித்துவிடலாமா?

தாமிரபரணிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பாவிடம் 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 இருக்கிறது. நான்கு கதவு வண்டி. தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் நின்றது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதே மழை) தாமிரபரணி ஊருக்குள் வந்து, கொட்டகையில் ஸ்டியரிங் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. மறுநாளும் வடியவில்லை. வடிந்த பிறகு வீட்டைக் கழுவி ஒழுங்குபண்ணுவதற்குள் பொங்கல் வந்துவிட்டது, வண்டிப் பக்கம் போகவே ஆளில்லை.

இப்போது சீட்டெல்லாம் பூஞ்சை, தரை முழுக்க வண்டல். ஆயில் குச்சியை உருவினால் பால் விட்ட டீ நிறம், அதுவும் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் புது பேட்டரி கொண்டுவந்து செல்ஃப் அடித்தார். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

காயலான் கடைக்காரர் எடைக்கு 25 ஆயிரம் என்கிறார். மதுரையிலிருந்து ஒருவர் 60 ஆயிரத்துக்கு மொத்தமாக எடுத்து, பிரித்து விற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். இன்சூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும்தான். ஆர்சி பெரியப்பா பெயரில், நடப்பில் இருக்கிறது. அவருக்கு 79 வயது. "முடிந்தால் சரிபண்ணு, முடியாவிட்டால் என் கண்முன்னால் பிரிக்காதே" என்று சொல்லிவிட்டார். என்ன செய்யலாம்?

அம்பாசடர் மாமா

செல்ஃபை இன்னொரு தடவை தொடாதீர்கள். மற்றவர்கள் வந்து விவரமாகச் சொல்வார்கள், அதற்குள் யாராவது வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பார்த்துவிடப் போகிறார்கள் என்ற பயத்தில் இதை முதலில் எழுதுகிறேன். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கோவை லேத்

மாமா சொன்னது சரி. ஆனால் அந்த 'டொக்' இன்ஜின் சத்தம்தான் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். அந்தக் காலத்து செல்ஃப் மோட்டாரில் பென்டிக்ஸ் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் திருகில் ஓடிவந்து ஃப்ளைவீல் பல்லில் மாட்டும். திருகில் வண்டல் ஏறினால் பாதியில் சிக்கிக்கொண்டு இப்படித்தான் சத்தம் கொடுக்கும்.

முதலில் ஸம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும், அது முதலில் வரும், ஆயில் பிறகு. எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். அப்புறம் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து கொஞ்சம் ஊற்றி ஊறவிடுங்கள். அசிட்டோன் சட்டென்று பற்றும், பக்கத்தில் பீடி கூடாது. சில நாள் ஊறட்டும். பிளக் இல்லாமலே டாப் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டியை முன்னும் பின்னுமாகத் தோளால் ஆட்டுங்கள். அசைந்தால் அதிர்ஷ்டம். அசையாவிட்டாலும் பயப்பட வேண்டாம், 948 சிசி சின்ன இன்ஜின், இறக்கி போர் பண்ணுவது (சிலிண்டரைக் கடைந்து சரிபண்ணுவது) பெரிய வேலை இல்லை.

வடபழனி ஹெரால்டு

தம்பி, எல்லோரும் இன்ஜினையே பார்க்கிறார்கள். இந்த வண்டியின் தலையெழுத்து இன்ஜினில் இல்லை, அடிச்சட்டமான சேசிஸில் இருக்கிறது.

பத்மினியோ அம்பாசடரோ என்றால் பாடியே சேசிஸ். ஹெரால்டு அப்படி இல்லை. 1959-இல் இங்கிலாந்தில் இதன் மூல வண்டியான ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தபோதே தனி சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டினார்கள். முழு பாடி அடித்துக் கொடுத்துவந்த கம்பெனியை போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டதால் வந்த வினை அது. நமக்கு அதுவே வசதியாகப் போயிற்று, ஸ்பேனர் இருந்தால் வண்டியைப் பிரிக்கலாம். வெள்ளத்தில் இதற்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. நல்லது, மூழ்கினால் பாழாகிற ஈசியூ என்ற கம்ப்யூட்டர், ஏர்பேக், சென்சார் எதுவும் இதில் கிடையாது. இன்றைய காரில் டேஷ்போர்டு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறினால் பெரும்பாலும் அதோடு கணக்கு முடிந்தது. இதன் ஒயரிங்கை ஒரு நல்ல எலக்ட்ரீஷியன் உட்கார்ந்து புதிதாகவே கட்டிவிடுவார். கெட்டது, சேசிஸ் பெட்டி மாதிரி மூடிய குழாய். உள்ளே போன வண்டல் வெளியே வராது, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும். ஆற்றுத் தண்ணீர் என்பதால் பிழைத்தீர்கள், கடல் தண்ணீர் கலந்திருந்தால் இவ்வளவு எழுதியே இருக்க மாட்டேன்.

வண்டியைத் தூக்கிக் கட்டையில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கூரான ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் போதும். நடுவில் ஓடும் இரண்டு மெயின் ரெயிலையும் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று கேட்கும், துருவேறியது 'டொப்' என்று மொத்தையாகக் கேட்கும். மொத்தையாகக் கேட்கிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் அவுட்ரிகர் போயிருந்தால் கவலை இல்லை, தகடு வளைத்துப் புதிதாகச் செய்து வெல்ட் பண்ணலாம். பின்னால் டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்பெட்டி) உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் மெயின் ரெயில் ஓட்டையாகியிருந்தால் விஷயம் வேறு. பின்சக்கரங்களைத் தாங்குகிற குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கும் அந்த டிஃபரென்ஷியல் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒட்டுப்போட்ட வண்டியில் நான் என் வீட்டு ஆளை ஏற்ற மாட்டேன்.

முன்சக்கரத்தில் ட்ரன்னியன் என்று பித்தளையில் ஒரு சமாசாரம் இருக்கும், அதையும் பாருங்கள். அதற்கு கிரீஸ் கூடாது, இபி 90 கியர் ஆயில்தான் போட வேண்டும் என்பது பாதி மெக்கானிக்குகளுக்குத் தெரியாது. உள்ளே தண்ணீர் தங்கினால் சக்கரத்தைத் தாங்கும் வெர்டிக்கல் லிங்கின் மரை அரித்து ஒருநாள் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். வண்டி என்ன ஆனாலும் சரி, அதைக் கழற்றித் துடைத்து ஆயில் போட்டுவையுங்கள்.

சேலம் பழசு

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்வேன். சேசிஸ் நன்றாகவே இருந்தாலும் டிங்கரிங், பெயின்ட், சீட், ஒயரிங், இன்ஜின், நான்கு ட்ரம் பிரேக்கின் வீல் சிலிண்டர் எல்லாம் சேர்ந்தால் வண்டியின் சந்தை விலையைத் தாண்டிவிடும். பாசம் இருந்தால் செய்யுங்கள், லாபக் கணக்குப் போட்டுச் செய்யாதீர்கள். பிரித்தால் ஓடிக்கொண்டிருக்கிற நாலு ஹெரால்டாவது பிழைக்கும்.

வடபழனி ஹெரால்டு

சேலத்துக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரிப்பதென்றாலும் 60 ஆயிரத்துக்குக் கொடுக்காதீர்கள், எது அரிது என்று மதுரைக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் இதெல்லாம் ட்ரையம்ஃப் குடும்பத்துச் சாமான். ட்ரையம்ஃபின் ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பிட்ஃபயரும் இதே வழியில் வந்த வண்டி, அதனால் பிரிட்டனில் இன்றும் இந்தப் பாகங்கள் புதிதாகவே கிடைக்கின்றன. நான்கு கதவு ஹெரால்டை மட்டும் ட்ரையம்ஃப் அங்கே செய்யவே இல்லை. அது இங்கே, சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் பிறந்தது. ஆகவே பின்கதவு, அதன் கண்ணாடி, கண்ணாடி ஏற்றும் மெஷின், கதவு பீடிங் இதெல்லாம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வெள்ளம் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. கதவின் அடி ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தி வண்டலை வெளியேற்றினால் கதவும் பிழைக்கும். இதை இன்றைக்கே செய்யுங்கள், மற்ற முடிவெல்லாம் பிறகு.

புதுசு

சேசிஸ் போயிருந்தால் ஸ்பிட்ஃபயர் சேசிஸை இறக்குமதி பண்ணிப் போட்டுவிடலாமே?

வடபழனி ஹெரால்டு

நீளம் ஒத்துவராது. ஹெரால்டின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம்) 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயர் 83.

ஆர்டிஓ பேப்பர்

நீளம் ஒத்துவந்தாலும் பேப்பர் ஒத்துவராது சார். ஆர்சி என்பது சேசிஸ் எண்ணோடு கட்டுண்டது. இன்ஸ்பெக்டர் அந்த எண்மேல் காகிதம் வைத்துத் தேய்த்து பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது எண் மாறியிருந்தால் அன்றைக்கே தலைவலி ஆரம்பம்.

இன்னொன்று. 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. பழைய நம்பரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இதற்கெல்லாம்தான் சாலையில் இறக்கலாம். 1970 மாடல் தகுதிக்குள் வருகிறது. சரிசெய்யும் பக்கம் போனால் இதை மனதில் வைத்து ஒரிஜினலாகவே செய்யுங்கள்.

தாமிரபரணிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தோம்.

ஸம்பிலிருந்து முதலில் தெளிந்த தண்ணீராக அரை வாளிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது, பிறகுதான் ஆயில். செல்ஃப் மோட்டாரைக் கழற்றினால் லேத்காரர் சொன்ன மாதிரியே திருகு முழுக்கச் சேறு. ஊறவைத்து ஆட்டியதில் இன்ஜின் அசைந்துவிட்டது! இப்போது பிளக் இல்லாமல் கையாலேயே சுற்றுகிறது. கதவுகளின் வண்டலை எடுத்துவிட்டோம், நான்கும் உறுதியாக இருக்கின்றன.

சேசிஸ்தான். முன்பாதி முழுக்க 'டிங்'. வலது அவுட்ரிகர் இரண்டு போயிருக்கின்றன. பின்னால் டிஃபரென்ஷியலுக்கு முன்பக்கம் இடது ரெயிலில் ஸ்க்ரூ டிரைவர் பிடி வரை உள்ளே போய்விட்டது. சுரண்டிப் பார்த்தால் தாரும் பட்டியும் சேர்த்து எப்போதோ பூசியிருக்கிறார்கள், அதற்குள் இரும்பே இல்லை, வெறும் செதில். வலது ரெயிலிலும் அதே இடத்தில் சின்ன ஓட்டை. பெரியப்பாவிடம் கேட்டேன், 1990-களில் எங்கேயோ வேலை பார்த்ததாக ஞாபகம் என்கிறார்.

வடபழனி ஹெரால்டு

அப்படியானால் அது இந்த வெள்ளத்தின் வேலை இல்லை, பல வருடத் துரு. வெள்ளம் வரவில்லையென்றால் பெரியப்பா இன்னும் அதிலேயே சந்தைக்குப் போய்வந்திருப்பார்.

இரண்டு ரெயிலும் அந்த இடத்தில் போயிருந்தால் ஒட்டுப்போட வேண்டாம். சேசிஸ் வளையாமல் பிடிக்கும் ஜிக்கில் வைத்து, பாடியைத் தூக்கி, ரெயிலின் பின்பாதியை முழுதாகப் புதிதாகச் செய்தால் முடியும். ஆனால் அந்தச் செலவைச் செய்பவர் வண்டியைத் தன்னோடு வைத்துக்கொள்கிறவராக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறாரா?

தாமிரபரணிக்காரன்

இல்லை. நான் வளைகுடாவில் வேலை பார்க்கிறேன், லீவில் வந்திருக்கிறேன். தம்பிக்கு இதில் ஆர்வம் கிடையாது.

வடபழனி ஹெரால்டு

அப்போது பிரியுங்கள். காயலான் கடைக்கும் வேண்டாம், மதுரைக்கு மொத்தமாகவும் வேண்டாம். வண்டியை வேறு கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பிரித்தால் பெரியவர் சொன்ன சொல்லும் காப்பாற்றப்படும். கதவுகளையும் கண்ணாடிகளையும் முதலில் கழற்றித் துணி சுற்றி வையுங்கள். முன் பானெட்டை, மட்கார்டோடு ஒரே துண்டாகத் திறக்குமே, அதை இரண்டு பேர் பிடித்து இறக்குங்கள். பம்பர், கிரில், விளக்கு வளையம், எழுத்து பேட்ஜ் எல்லாம் சின்னச் சாமான்தான், ஆனால் தேடுகிறவர்கள் நிறையப் பேர். இன்ஜினைப் பிரிக்காமல் பழைய ஆயிலைக் கழுவிவிட்டுப் புது ஆயில் ஊற்றி, பிளக் மாட்டி மூடிவையுங்கள். கையால் சுற்றுகிற இன்ஜினுக்குத் தனி மதிப்பு உண்டு. மீட்டர்களைத் திறக்காதீர்கள், அரிசி டப்பாவில் போடுகிற வித்தையும் வேண்டாம், நிழலில் காய்ந்தால் போதும். சீட், கார்பெட், ஒயரிங், பிரேக் சாமான்களைக் குப்பையில் போடுங்கள், அதை யாருக்கும் விற்காதீர்கள்.

ஆர்டிஓ பேப்பர்

பிரிப்பது உறுதி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55-படி வண்டி இனி உபயோகத்துக்கு ஆகாது என்று 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். கையெழுத்து பெரியப்பாவுடையது. நீங்கள் விமானம் ஏறுவதற்குள் இதை முடித்துவிடுங்கள். சேசிஸ் எண் இருக்கிற துண்டையும் நம்பர் பிளேட்டையும் ஆர்சி நகலையும் பாகம் வாங்குகிற யாருக்கும் கொடுக்காதீர்கள். வேறு எங்கோ ஒரு திருட்டு வண்டி உங்கள் பெரியப்பா பெயரில் ஓட ஆரம்பிக்கும்.

திருச்சி ஹெரால்டு

அண்ணாச்சி, என்னிடமும் நான்கு கதவு மார்க் 3 ஓட்டத்தில் இருக்கிறது. பின் இடது கதவில் கண்ணாடி மெஷின் பல் தேய்ந்து, கண்ணாடியை மரக்கட்டை வைத்து நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கதவை மெஷினோடு முழுதாக எடுத்துக்கொள்கிறேன். கீல் பின்னைச் சுத்தியலால் தட்டாமல் போல்ட்டைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேனோடு வரலாமா?

தாமிரபரணிக்காரன்

வாருங்கள் அண்ணாச்சி. கொட்டகை ஏரல் பாலத்துக்கு இந்தப் பக்கம். விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஆர்டிஓ வேலைக்கு நாளை காலை பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.