வீவ் போலில் பத்தாவது கம்பத்தில் வெளியேறும் நாய்: உதவி தேவை

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் தென்னந்தோப்பில் அஜிலிட்டி (நாய் தடைகளைத் தாண்டி ஓடும் விளையாட்டு) பயிற்சி. அதில் வீவ் போல் என்பது வரிசையாக நட்ட கம்பங்களுக்கிடையே நாய் வளைந்து வளைந்து ஓடும் தடை. சிப்பிப்பாறை நாய், 2 வயது. 6 கம்பம் சுத்தமாகப் போகிறது. 12 நட்டால் பத்தாவதில் வெளியே வந்துவிடுகிறது. இடைவெளி 60 செ.மீ., நுழையும்போது முதல் கம்பம் நாயின் இடது தோள் பக்கம், அதில் குறையில்லை. கையில் கறித்துண்டோடு கூடவே ஓடினால் அது கையைப் பார்த்துத் தலையைத் திருப்புகிறது, அங்கேதான் தப்புகிறது. இப்போது கடைசிக் கம்பத்துக்கு 2 மீட்டர் தள்ளித் தட்டில் தீனி வைக்கிறோம், ஓரளவு பலன்.

பெரிய தொல்லை மண். களிமண் காய்ந்து வெடித்தால் கம்பமாக நட்ட பிவிசி குழாய் ஆடுகிறது, இடைவெளியும் மாறிவிடுகிறது. மழை பெய்தால் திருப்பத்தில் பின்னங்கால் வழுக்குகிறது, தசை பிடிக்குமோ என்று பயம். இரும்புப் பட்டையில் அடிப்பாகம் வெல்டிங் வைத்தவர்கள், பட்டையின் அகலமும் கனமும் சொல்லுங்களேன். நாய் மிதித்தால் இடறாமல் இருக்க வேண்டும். வழுக்காமலிருக்க ஆற்றுமணல் பரப்பலாமா, தேங்காய் நார் விரிப்பா?