குமரி எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஆபரேட்டர்ஸ் குரூப்

செல்வின்: லாட்ஜ் லாண்டிரி தண்ணி, சிஓடி (தண்ணியில உள்ள அழுக்கோட அளவு) லிட்டருக்கு 800 மில்லிகிராம். பென்டன் (இரும்பு உப்பும் பெராக்சைடும் போட்டு அழுக்கை ஒடைக்கிற முறை) போட்டுப் பாக்கணும். அளவு சொல்லுங்கண்ணே.

ஐயப்பன் அண்ணன்: பிளீச் போட்டு அலசுன தண்ணி தனியா போவுதா?

செல்வின்: எல்லாம் ஒரே டேங்க்தான்.

ஐயப்பன் அண்ணன்: அப்போ மொதல்ல லைனைப் பிரி மக்கா. பிளீச் தண்ணியில ஆசிட் பட்டா குளோரின் கேஸ் கிளம்பும். ஆளையே சாய்ச்சிரும்.

மேரி அக்கா லேப்: பிரிச்ச பெறவு 1 லிட்டர் பீக்கர்ல ஜார் டெஸ்ட், அதாவது சின்ன அளவுல சோதனை. ஆசிட் விட்டு பிஎச் 3. பெரஸ் சல்பேட் (இரும்பு உப்பு) 800 மில்லிகிராம் போட்டு நல்லா கரையவிடு. கடைசியா 50% ஹைட்ரஜன் பெராக்சைடு 1.3 மில்லி, மூணு நாலு தவணையா. ஒரு மணி நேரம் கலக்கணும். இது தொடக்க அளவுதான். பாதி டோஸ், ஒன்றரை மடங்கு டோஸ்னு பக்கத்துல ரெண்டு பீக்கரும் வையி.

செல்வின்: ஸ்டோர்ல ஹைட்ரோகுளோரிக் கெடக்கு. ஆவுமா?

ஐயப்பன் அண்ணன்: வேண்டாம், சல்பூரிக் வாங்கு. இரும்பும் பெராக்சைடும் சேந்து உண்டாக்குற ஹைட்ராக்சில் ரேடிக்கல்தான் அழுக்கை ஒடைக்கும், ஹைட்ரோகுளோரிக்ல உள்ள குளோரைடு அதைத் தின்னுரும். கடக்கரை போர்வெல் தண்ணியில உப்பு வேற. குளோரைடும் ஒருக்கா டெஸ்ட் பண்ணு.

செல்வின்: பிஎச் 6லயே போட்டா ஆசிட் மிச்சமாவுமே?

மேரி அக்கா லேப்: இரும்பு துருவா படிஞ்சிரும். பெராக்சைடு சும்மா ஆக்சிஜனா போயிரும். ஆசிட்ல மிச்சம் பிடிச்சு பெராக்சைடுல விடுவியா?😄

ஐயப்பன் அண்ணன்: முடிஞ்சதும் காஸ்டிக் சோடா விட்டு பிஎச் 8. சுண்ணாம்பு மலிவுதான், ஆனா ஜிப்சமும் சேந்து சகதி கூடும். காஸ்டிக்ல 1000 லிட்டருக்கு இரும்புச் சகதி மட்டும் உலர்ந்த கணக்குல 300 கிராம் வரும்.

செல்வின்: சகதி கீழ படியாம மேல மிதந்தா?

மேரி அக்கா லேப்: மிச்ச பெராக்சைடு விடுற குமிழிதான் தூக்குது. பெராக்சைடு டெஸ்ட் ஸ்ட்ரிப் வச்சுப் பாரு. இருந்தா பிஎச் 8லயே காத்து விட்டு, ஸ்ட்ரிப் நிறம் மாறாம நிக்கும்வரை வையி. பெறவுதான் சகதியைத் திரட்டுற பாலிமர். அதுக்கு முன்ன சிஓடி எடுத்துராத. லிட்டருக்கு 1 மில்லிகிராம் பெராக்சைடு சிஓடியை 0.47 வரை கூட்டிக் காட்டும்.

ஐயப்பன் அண்ணன்: அந்தத் தண்ணி ஏரேஷன் டேங்குக்கு (காத்து ஊதி பாக்டீரியாவை வளக்குற டேங்க்) போச்சுன்னா பாக்டீரியாவும் அடி வாங்கும்.

செல்வின்: பெராக்சைடை பழைய இரும்பு டிரம்ல ஊத்தி வைக்கலாமா?

ஐயப்பன் அண்ணன்: லேய்! துருவே அதைக் கொதிக்க வச்சிரும். வந்த பிளாஸ்டிக் கேன்லயே இருக்கட்டும். வென்ட் மூடியை (கேஸ் வெளிய போற ஓட்டை உள்ள மூடி) டேப் போட்டு அடைச்சிராத, கேன் வெடிச்சிரும்.