இழப்பை மதிப்பிட வந்த சர்வேயர்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பல்லடம் தறிக்காரர்:

எங்கள் நூல் குடோன் தீப்பிடித்த கதையை நீட்டி எழுதவில்லை. பாவு சுற்றிய பீம்களும் கோன் மூட்டைகளும் எரிந்துபோயின. மீதமிருந்த காடாத் துணி தீயணைப்பு வண்டியின் தண்ணீரில் ஊறி, புகை நாற்றம் ஏறிக் கிடந்தது. தறி ஓட்டுபவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. என் மனத்தை இன்றுவரை அரித்துக்கொண்டிருப்பது, கணக்கெடுப்பு முடிந்த மாலையில், காப்பீட்டுக் கம்பெனிக்காக இழப்பை மதிப்பிட வந்த சர்வேயர் தம் கோப்பிலிருந்து எடுத்து நீட்டிய ஒரு தாள்.

"தாங்கள் நிர்ணயிக்கும் இழப்பீட்டுத் தொகை ரூ. .......... எனக்கு முழுச் சம்மதம்" என்று அதில் முன்கூட்டியே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் மட்டுமே இருந்தன. "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா ரிப்போர்ட் வெரசாப் போயிருமுங்க" என்றார். நான் அந்தப் புள்ளிகளின் மேலேயே, "தொகை தெரிவிக்கப்படவில்லை, மதிப்பீட்டைப் பார்த்த பிறகே என் கருத்தைச் சொல்வேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் அதைப் படித்தார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார், தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எழுதிக் கேட்ட பிறகு கைக்கு வந்த அறிக்கையில், "காப்பீடு பெற்றவர் மதிப்பீட்டுக்கு உடன்பட்டார்" என்று இருந்தது. நனைந்த துணிக்கு சால்வேஜ் மதிப்பு, அதாவது சேதமான சரக்கை விற்றால் கிடைக்கும் விலை, என்று பாதி விலையைக் கழித்திருந்தார்கள். சோமனூரில் எந்த வியாபாரியும் அதைக் கால் விலைக்குக்கூடக் கேட்கவில்லை. தொகை குறைந்தது ஒருபுறம் இருக்கட்டும். நான் எழுத்தில் மறுத்த ஒன்றை, நான் ஒப்புக்கொண்டதாக எழுத அரசு உரிமம் பெற்ற ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? அவர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

சங்ககிரி லாரி உரிமையாளர்:

பல்லடத்துக்காரரின் வருத்தம் நியாயமானது. ஆயினும் எல்லாச் சர்வேயர்களையும் அந்தத் தாளை வைத்து எடை போட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன டேங்கரின் மீது என் வண்டி மோதியது. பட்டறைக்கு வந்த சர்வேயர் வயதானவர். சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, சேஸிஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். குறுக்குச் சட்டத்தில் இருந்த விரிசலுக்குள் விரலை விட்டுத் தடவி, துரு ஒட்டிய விரலை என்னிடம் நீட்டினார். "பாருங்க, இது பழைய விரிசலுங்க. இந்த அடியில வந்திருந்தா உள்ள வெள்ளையா இருக்கும். இதை நான் எழுத மாட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதே மனிதர் நகர்ந்து நகர்ந்து முன்பக்கம் வந்து, முன் ஆக்ஸில் வளைந்திருப்பதைக் கண்டுபிடித்து, பட்டறை மேஸ்திரி விட்டுவிட்ட அந்த வேலையைத் தாமாகவே மதிப்பீட்டில் சேர்த்தார். அவர் சொல்லியிராவிட்டால் வண்டி டயரைத் தின்றுகொண்டே ஓடியிருக்கும். காரணம் எங்களுக்குப் பிடிபட்டிருக்காது.

வண்டி பழசானதற்காகப் பாகங்களின் விலையில் குறைக்கும் கழிவுக் கணக்கையும் அங்கேயே விளக்கினார். ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டி என்பதால் இரும்புப் பாகங்களுக்கு 40 சதவீதம் கழியும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் பாதி கழியும், கண்ணாடிக்கு எதுவும் கழியாது என்று முன்பே தெரிந்துவிட்டதால், கடைசியில் வந்த தொகை எனக்கு அதிர்ச்சியாக இல்லை. சர்வேயர் நம் பக்கம் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பதே பிழை என்பது என் கருத்து. பல்லடத்துக்காரர் சால்வேஜ் விலைக்கு வியாபாரிகளிடம் எழுத்தில் ஏதாவது வாங்கிக் கொடுத்தாரா என்பதையும் சொன்னால் நல்லது.

ஈரோடு சர்வேயர்:

தீ விபத்துப் பிரிவில் உரிமம் பெற்று இதே தொழிலைச் செய்கிறவன் என்ற முறையில் இருவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொகை எழுதாத சம்மதக் கடிதம் தவறு. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. காப்பீடு பெற்றவர் மதிப்பீட்டை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பதை அறிக்கையில் பதிவு செய்வது எங்கள் கடமைகளில் ஒன்று. மறுத்தவரை ஏற்றவராகக் காட்டுவது நடத்தை நெறியை மீறிய செயல். லாரி நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. சர்வேயர் பாலிசிதாரர் பக்கம் சாயக் கூடாது என்பது போலவே கம்பெனி பக்கமும் சாயக் கூடாது. எங்களை நியமிப்பதும் கட்டணம் தருவதும் கம்பெனி. உரிமம் தருவதோ காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64யுஎம் பிரிவு எங்களை ஒரு சட்டப்பூர்வமான இடத்தில் வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் நடுநிலையையும் இரகசியம் காத்தலையும் வலியுறுத்துவதோடு, இழப்பு பாலிசிக்குள் வராது என்றால் அதற்கான காரணத்தையும் எழுதச் சொல்கின்றன.

மஞ்சள் குடோன் ஒன்றில் மழைநீர் புகுந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். உரிமையாளர் அத்தனை மூட்டையும் போயிற்று என்றார். கம்பெனி அதிகாரியோ அடி வரிசை மட்டும்தான் நனைந்தது என்று தொலைபேசியிலேயே முடிவு கட்டியிருந்தார். நான் குத்தூசியால் இரண்டாம் வரிசையின் ஒவ்வொரு மூட்டையையும் குத்தி, வந்த மஞ்சளை முகர்ந்து, ஒடித்துப் பார்த்தேன். உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தவற்றைத் தனியாக அடுக்கி, உரிமையாளரின் கணக்குப்பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே எண்ணினேன். அன்று இருவருமே என்மீது வருத்தப்பட்டார்கள்.

இனி, யாரும் கேட்காவிட்டாலும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இவை தெரியாமல் நம் பகுதியில் பலர் பணத்தை இழப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காலக்கெடு இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, இழப்பைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். நியமித்த 15 நாள்களுக்குள் அறிக்கை வர வேண்டும். அறிக்கை வந்த 7 நாள்களுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். "சர்வேயர் இன்னும் ரிப்போர்ட் தரலீங்க" என்று கிளை அலுவலகம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அறிக்கையைக் கேட்டு வாங்குவது கம்பெனியின் பொறுப்பு.

அடுத்தது, எல்லோரும் சர்வேயரைத் திட்டும் இடம். சரக்கின் மதிப்பு 50 லட்சமாக இருக்கும்போது பாலிசியை 30 லட்சத்துக்கு எடுத்துவிட்டு, 10 லட்சத்துக்குச் சரக்கு எரிந்தால், கையில் வருவது அதே விகிதத்தில் 6 லட்சம்தான். பிரீமியத்தை மிச்சப்படுத்தப் பழைய ஸ்டாக் ஸ்டேட்மெண்டின் தொகைக்கே ஆண்டுதோறும் புதுப்பிக்கிறவர்களுக்கு இது நேர்கிறது. 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள, குறுந்தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் இப்படி மதிப்பைவிடக் குறைவாக எடுக்கும் குறைகாப்பீடு 15 சதவீதம் வரை மன்னிக்கப்படுகிறது. அதைத் தாண்டினால் இந்தக் கழிவைச் செய்யாமல் விட எங்களுக்கு அதிகாரம் கிடையாது. இதைச் செய்ததற்காக மட்டும் ஒரு சர்வேயரைக் குறை சொல்லாதீர்கள்.

அறிக்கையே இறுதித் தீர்ப்பு என்றும் நினைக்க வேண்டாம். ஒரு லாரி விபத்து வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சர்வேயரின் அறிக்கை முக்கியமான ஆதாரமே என்றாலும் யாரையும் கட்டுப்படுத்தும் கடைசி வார்த்தை அல்ல என்று கூறியது. அதே ஆண்டு ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், முதல் அறிக்கையை ஏற்காததற்குத் தக்க காரணம் சொல்லாமல், தனக்கு வேண்டிய தொகை வரும்வரை ஒருவர் மாற்றி ஒருவராகச் சர்வேயரை நியமிக்கும் உரிமை கம்பெனிக்கு இல்லை என்றும் தெளிவாக்கியது. ஆனால் 2021ஆம் ஆண்டின் கதேமா ஃபைபர்ஸ் தீர்ப்பையும் மறந்துவிடக் கூடாது. சர்வேயர் நடத்தை நெறிப்படி வேலை செய்திருந்து, அறிக்கையும் தன்னிச்சையானதாக இல்லையென்றால், நுகர்வோர் ஆணையம் அதைத் தோண்டிக்கொண்டே போக முடியாது. ஆகவே, "தொகை குறைவு" என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் மனு நிற்காது. எந்தக் கடமை எங்கே மீறப்பட்டது என்று காட்ட வேண்டும். பல்லடத்துக்காரரின் கைப்பேசியில் இருக்கும் படத்துக்கு அதனால்தான் இவ்வளவு மதிப்பு.

பொள்ளாச்சி நார் மில்:

ஈரோட்டுக்காரரின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நடுநிலை என்பது ஏட்டில் மட்டும் இருக்கும் ஊர்களும் உண்டு.

தென்னை நார்க் களத்தில் தீ பிடித்தால் மேலே அணைந்தாலும் அடியில் நாள்கணக்கில் கனிந்துகொண்டிருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் களத்தில் அப்படிக் கனிந்துகொண்டிருந்தபோதே சர்வேயர் வந்து, எரிந்த பேல் கட்டும் இயந்திரத்தையும் மோட்டார்களையும் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்கு இவ்வளவு மதிப்பு என்று ஒரு தொகையைச் சொன்னார். நாங்கள் குறைவாக இருக்கிறதே என்று பேசிக்கொண்டிருக்கையில், ஒரு மினி வேன் களத்துக்குள் நுழைந்தது. இறங்கியவர், "மாமா, எதை எதை ஏத்தோணும்?" என்று சர்வேயரைப் பார்த்துக் கேட்டார். சர்வேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அப்பா வேனுக்குக் குறுக்கே நின்று, "இரும்பு இங்கயே கெடக்கட்டுமுங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஒன்றரை மடங்கு விலைக்கு வேறொருவர் அந்த இரும்பை எடுத்தார். தொகை சரிக்கட்டப்பட்டுவிட்டது, என்றாலும் அந்த "மாமா" என்ற சொல் என் காதை விட்டுப் போகவில்லை. சங்ககிரி நண்பரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வேன் வராமல் இருந்திருந்தால் இவரும் நடுநிலையானவர் என்றுதானே நாங்களும் இங்கே எழுதியிருப்போம்?

சங்ககிரி லாரி உரிமையாளர்:

உறவினரைச் சரக்கெடுக்க அழைத்து வந்தவருக்காக நான் பேசவில்லை. என் வண்டிக்கு வந்த மனிதரைப் பற்றி மட்டுமே எழுதினேன்; அதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

பல்லடம் தறிக்காரர்:

சால்வேஜ் விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். துணி வியாபாரிகள் தங்கள் கடை முத்திரையோடு தந்த விலைக் கடிதங்களைச் சர்வேயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை என்னிடம் இருக்கிறது. அறிக்கையில் அந்தக் கடிதங்களை ஏற்றதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை. அவை வந்ததாகவே ஒரு வரி இல்லை. பாதி விலை என்பது எந்தச் சந்தையில் விசாரித்து வந்தது என்றும் இல்லை. கம்பெனி இப்போது டிஸ்சார்ஜ் வவுச்சரில், அதாவது தொகையை ஏற்றுக் கணக்கை முடித்துக்கொண்டேன் என்னும் ரசீதில், கையெழுத்துக் கேட்கிறது. போட்டால் வழக்காடும் உரிமை போய்விடும் என்று கிளையில் சொல்கிறார்கள்.

ஈரோடு சர்வேயர்:

போகாது. வவுச்சரில் கையெழுத்து வாங்கியதைக் காட்டிப் பாலிசிதாரரின் உரிமையை அடைத்துவிடக் கூடாது என்று 2015 செப்டம்பரில் ஆணையமே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. எனினும் கையெழுத்தோடு, "கூடுதல் தொகைக்கான என் உரிமைக்குப் பங்கமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்" என்று தனிக் கடிதம் ஒன்றைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விலைக் கடிதங்களை அறிக்கை கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. தொகையைப் பற்றிய வாதத்தை அதற்குப் பிறகு வையுங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, தனி உரிமையாளர் நிறுவனமாகவோ குறுந்தொழிலாகவோ இருந்தால் சென்னையிலுள்ள காப்பீட்டு முறைமன்ற நடுவரிடம் (ஆம்புட்ஸ்மன்) ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. சர்வேயர்மீதான நடத்தை நெறிப் புகார் தனி. அதை உரிம எண்ணைக் குறிப்பிட்டு ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். பொள்ளாச்சி நண்பரும் இதைச் செய்திருக்கலாம். இழப்பு நேர்ந்த பொருளில் தமக்கோ தம் உறவினருக்கோ அக்கறை இருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த வேன் அவ்விதிக்குள் வரும்.

கோபி பால்பண்ணை:

எங்களுக்கு வந்தவர் சர்வேயரே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. கறவை மாடு இறந்தபோது கம்பெனி அனுப்பியதாக ஒருவர் வந்து, கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு முடித்துச் சான்று எழுதிய பிறகும், காப்பீட்டு அடையாளமாக மாட்டியிருந்த காது வில்லையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது புதுசா மாட்டினதாட்டம் இருக்குது" என்று என் மாமியார் முகத்துக்கு நேரே சொன்னார். கன்றிலிருந்து வளர்த்த மாட்டைப் பறிகொடுத்து நின்றவரிடம் அப்படிப் பேசியதை நான் மறக்க மாட்டேன். மருத்துவர் தம் பதிவேட்டை எடுத்து, வில்லை எண்ணையும் மாட்டிய தேதியையும் காட்டிய பிறகே அவர் வாயை மூடினார். இப்படி வருகிறவர்களுக்கும் நீங்கள் சொன்ன நடத்தை நெறி பொருந்துமா?

ஈரோடு சர்வேயர்:

உங்களிடம் வந்தவர் பெரும்பாலும் கம்பெனி அனுப்பிய விசாரணையாளராக இருப்பார். வாகனம் அல்லாத இழப்பு ஒரு லட்சத்துக்கும், வாகன இழப்பு 50 ஆயிரத்துக்கும் குறைவு என்றால் உரிமம் பெற்ற சர்வேயரை அனுப்ப வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. எனவே எங்கள் நெறி அவரை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அவர் பேச்சுக்குக் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும், புகாரையும் கம்பெனியின் பெயரிலேயே எழுதுங்கள். இனி யார் வந்தாலும் தொழுவத்துக்குள் விடுமுன் நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். சர்வேயர் என்றால் உரிம எண்ணும், எந்தப் பிரிவுக்கு உரிமம் என்பதும், அது முடியும் தேதியும் அவரிடம் இருக்கும்; கேட்டால் காட்ட வேண்டியது அவர் கடமை.