கல்யாணத் தேதியை எட்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிடலாமா?

மழைக்காகம் கேட்டது:

தங்கைக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. தேதி 7/11, ஞாயிற்றுக்கிழமை. இன்னும் முழுதாக எட்டு மாதம் இருக்கிறது. மண்டபத்தில் அந்த நாளைத் தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள், அட்வான்ஸ் அடுத்த வாரம்தான் கட்டுகிறோம்.

பத்திரிகை அடிக்க இன்னும் நாலைந்து மாதம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம், ஒரு படம் செய்து 'சேவ் த டேட்' என்று இன்றைக்கே எல்லாருக்கும் அனுப்பிவிடலாம் என்கிறாள் தங்கை. இப்போது சொன்னால் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், பத்திரிகை கொடுக்கும்போது சொன்னால் போதும் என்கிறார் அப்பா. இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. வீட்டில் இந்த வேலை என் தலையில்தான் விழுந்திருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:

வாழ்த்துகள். பொதுவாக ஆறிலிருந்து எட்டு மாதம் முன்னால் தேதியை மட்டும் சொல்வார்கள். எல்லாருமே பயணம் செய்துதான் வர வேண்டும் என்றால் பத்துப் பன்னிரண்டு மாதம்கூட ஆகலாம். முறையான அழைப்பு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் போனால் சரியாக இருக்கும். ஆனால் அட்வான்ஸ் கட்டி ரசீது கைக்கு வரும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். வாய்வார்த்தை மாறினால் சொன்ன அத்தனை பேருக்கும் மறுபடி சொல்ல வேண்டி வரும்.

செம்பருத்தி:

தம்பி கல்யாணத்தில் இந்த வேலையை நான்தான் பார்த்தேன். அதில் நடந்த ஒரு தவறு இன்னும் மனதை உறுத்துகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவன் கல்யாணம் செப்டம்பர் 5, ஞாயிறு. பிப்ரவரியிலேயே படம் செய்து அனுப்பினேன். அதில் 5/9 என்று போட்டு, பக்கத்தில் ஞாயிறு என்றும் எழுதியிருந்தேன். கிழமை இருக்கிறதே, தப்பு நடக்காது என்று நம்பினேன். என் கூடப் படித்த தோழி அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே மாதத்தைத்தான் முன்னால் எழுதுவார்கள், அதனால் அவள் அதை மே 9 என்று படித்துவிட்டாள். காலண்டரைப் பார்த்திருக்கிறாள், மே 9-ம் ஞாயிறுதான். மே 9-க்கும் செப்டம்பர் 5-க்கும் இடையே 119 நாள், சரியாக 17 வாரம். எந்த வருஷம் எடுத்துக்கொண்டாலும் இரண்டும் ஒரே கிழமையில்தான் விழும். ஏப்ரலில் பேசும்போதுதான் 'டிக்கெட் போட்டாச்சு, அடுத்த மாசம் பார்க்கலாம்' என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பணம் திரும்பாத டிக்கெட். லீவையும் மாற்ற முடியவில்லை. மே மாதம் வந்து எங்களோடு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். கல்யாணத்துக்கு வர முடியவில்லை. ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நீங்களும் 7/11 என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். திருப்பிப் படித்தால் ஜூலை 11. அங்கேயும் இதே 119 நாள் கணக்குதான், கிழமை உங்களைக் காப்பாற்றாது. தயவுசெய்து மாதத்தை எழுத்தில் போடுங்கள், வருஷத்தையும் போடுங்கள்.

அப்புறம், எல்லாருக்கும் ஒரே நாளில் தட்டிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். நெருங்கிய சொந்தம் முதலில், மற்றவர்கள் பிறகு என்றுதான் நானும் வரிசை போட்டேன். அது தப்பு என்று பிறகு புரிந்தது. யாருடைய நேரம் அவர்கள் கையில் இல்லையோ அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீடு, விசா எடுத்து வர வேண்டியவர்கள். என் சித்தி மகள் நர்ஸ். அவளுக்கு ஒரு மாதம் முன்னால் சொன்னால் டியூட்டி பட்டியல் போட்டு முடித்திருப்பார்கள், பிறகு யாரிடமாவது கெஞ்சித்தான் மாற்ற வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமாவுக்கு மூன்று மாதம் கழித்துச் சொன்னாலும் அவர் வந்துவிடுவார்.

வெளிநாட்டுக்காரர்களிடம் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல நாடுகளில் இன்னும் ஆறு மாதம் செல்லுபடி இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். விமான டிக்கெட் ஏறக்குறைய பதினொரு மாதம் முன்னாலேயே திறந்துவிடும், ஆகவே எட்டு மாதம் முன்னால் சொல்வது அவர்களுக்கு ஒன்றும் அதிகமில்லை.

பெரியவர்களுக்குப் படம் அனுப்பவே வேண்டாம். போன் செய்து குரலில் சொல்லுங்கள், அப்பாவையே பேசச் சொல்லுங்கள். மறந்துவிடுவார்கள் என்று அவர் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் பத்திரிகை தனியாகப் போக வேண்டும். இப்போது சொல்வது நாளை ஒதுக்கி வைக்க மட்டும், அழைப்பு வேறு.

மழைக்காகம்:

அக்கா, 7/11 விஷயத்தைப் படித்துவிட்டுக் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஜூலை 11-ம் ஞாயிறுதான்! மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். 180 பேர் நிச்சயம் கூப்பிட வேண்டியவர்கள். இன்னும் 60 பேர் இருக்கிறார்கள், மண்டபத்தில் இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்கும் இப்போதே அனுப்பி வைக்கலாமா? வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் போட்டால் ஒரே நிமிஷ வேலை.

செம்பருத்தி:

அனுப்பாதீர்கள் தம்பி. தேதியை ஒதுக்கி வையுங்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால் அவரை அழைத்துவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம். அவர் அந்த நாளில் வேறு எதையும் ஏற்காமல் காத்திருப்பார். பிறகு பத்திரிகை வரவில்லை என்றால் அந்த மனக்கசப்பு ஆறாது. அந்த 60 பேருக்கு நேராகப் பத்திரிகையே போகட்டும், தாமதமானாலும் அதில் குறையில்லை.

பிராட்காஸ்டிலும் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நம்மிடம் அவர்கள் எண் இருந்தால் போதாது. எங்கள் பெரியப்பா வீட்டுக்குப் போகவே இல்லை, நானோ அனுப்பியாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். 180 பேருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், இரண்டு சாயங்காலம் ஆகும். யாருக்குப் போயிற்று, யார் பதில் போட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். பெயர் போட்டு எழுதினால் குழந்தைகளும் வரலாமா என்ற குழப்பமும் அப்போதே தீர்ந்துவிடும்.

கடிகாரம்:

ஒரு சின்ன விஷயம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பிறகு வாட்ஸப்பில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. படம் அனுப்பினாலும் அதே விவரத்தைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். காலண்டர் நிகழ்வாக அனுப்புவதானால் 'நாள் முழுவதும்' என்று வையுங்கள். நேரம் போட்டு வைத்தால் வேறு நாட்டில் இருப்பவருக்கு அந்த ஊர் நேரப்படி மாறிக் காட்டும், சில சமயம் முந்தின நாளாகவே தெரியும்.

மழைக்காகம்:

அப்பாவும் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து மேலே இருப்பதை எல்லாம் படித்தார்கள். பெரியவர்கள் பட்டியலை அப்பாவே எடுத்துக்கொண்டார், தினமும் ஐந்து பேரிடம் பேசுவாராம். ரசீது வந்ததும் மற்றவர்களுக்கு நான் இதை அனுப்பப் போகிறேன்:

'என் தங்கையின் திருமணம் 2027 நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அந்த நாளை எங்களுக்காக ஒதுக்கி வையுங்கள். பத்திரிகை பிறகு வரும்.'

சரியாக இருக்கிறதா?

செம்பருத்தி:

நன்றாக இருக்கிறது. எந்த ஊரில் என்பது விட்டுப்போயிருக்கிறது, அதைச் சேருங்கள். மண்டபத்தின் பெயர் இப்போது வேண்டாம், ஊர் தெரிந்தால் போதும், டிக்கெட் போட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை பெயரையும் தங்கை பெயரையும் எழுதிவிடுங்கள்.