அக்காவுக்கு ஒரு கைவேலை அட்டை: தாள் வளைகிறது

கேள்வி:
அக்காவின் மார்பில் தென்பட்ட கட்டிக்குத் திசுப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை இருப்புக்கொள்ளாமல், அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டு, நீர்வண்ணம், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றைக் கொண்டு அவளுக்கு ஓர் அட்டை செய்து வருகிறேன். பசை தடவியதும் தாள் படகுபோல் வளைந்துவிட்டது. உள்ளே என்ன எழுதுவது என்பதும் பிடிபடவில்லை.

மறுமொழி 1:
சாதாரண வரைதாள் ஈரம் தாங்காது. அடுத்த முறை 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த நீர்வண்ணத் தாளை வாங்குங்கள். ஃபெவிக்காலைத் துணியில் தடவாமல் தாளில் மெல்லிய படலமாகத் தடவி, அதன்மேல் துணியைப் பதியுங்கள். இல்லையெனில் பசை ஊறிச் சுங்குடிப் புள்ளிகளின்மேல் கறை தெரியும். வளைந்த அட்டையின் பின்புறத்தை மட்டும் லேசாக ஈரப்படுத்தி, வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விட்டுவிட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

மறுமொழி 2:
“சீக்கிரம் குணமாகிவிடுவாய்” என்று எழுத வேண்டாம். நோய் என்றே இன்னும் யாரும் சொல்லவில்லையே. எனக்கு இதே பரிசோதனை நடந்தபோது தங்கை தந்த அட்டையில், “முடிவு வாங்கப் போகும்போது நானும் வருகிறேன், இட்லி கட்டி எடுத்து வருவேன்” என்று மட்டுமே இருந்தது. மருத்துவமனையில் காத்திருந்த நேரம் முழுவதும் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மினுக்குத் தூள் மட்டும் வேண்டாம், கையெல்லாம் ஒட்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அட்டை நிமிர்ந்துவிட்டது, அடங்காத ஒரு மூலையில் அம்மாவின் ரவிக்கைப் பொத்தானைத் தைத்துவிட்டேன்.