கூடி யோசிக்கிற ஆன்லைன் பலகைகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க (எழுதினவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர்ப் பேர்)

செவ்வாய்ப்பேட்டை

பல பேர் ஒரே நேரத்துல, ஆளுக்கு ஒரு கலர்ல எழுதற ஈதர்பேடுல அந்தக் கடிகாரப் படத்தை அமுக்கிப் பார்த்திருக்கீங்களா? யார் என்ன தட்டினாங்க, எதை அழிச்சாங்க, முதல்லேர்ந்து திரும்ப ஓடும். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கொலுசுப் பட்டறை. ஏழு பேர், 25 நிமிஷம். முகூர்த்தம் இல்லாத மாசத்துக்கு என்ன மாடல் போடலாம்னு பேச்சு. கடைசியில 38 வரி தேறுச்சு, பரவாயில்லைன்னுதான் தோணுச்சு. ஓட்டிப் பார்த்தா, நாலாவது நிமிஷத்துல முதலாளி "சலங்கையைக் குறைச்சா எடை குறையும்"னு ஒரு வரி போடறார். அதுக்கப்புறம் வந்த 31-ல 26 சலங்கை. ரெண்டு சலங்கை, மூணு சலங்கை, ஒரு பக்கம் மட்டும் சலங்கை.

அதே நிமிஷத்துல பச்சைக் கலர்க்காரர் "திருகாணிக்குப் பதிலா" வரைக்கும் அடிச்சிருக்கார். முதலாளி வரி விழுது. பச்சை அப்படியே நிக்குது. அப்புறம் ஒவ்வொரு எழுத்தா பின்னாடி போய் அழிஞ்சு, "சலங்கை கம்மி ஓகே"ன்னு மாறுது.

அயோத்தியாப்பட்டணம்

நம்மது சேகோ (ஜவ்வரிசி) ஆளுங்க கூட்டம். ஃபார்ம்ல பதில் வாங்கி, பைத்தான் நிரல்ல சொல்மேகம் (நிறைய தடவை வந்த சொல் பெரிசா தெரியற படம்) போட்டு புரொஜெக்டர்ல காட்டினாங்க. நடுவுல பூதாகாரமா "ஜவ", பக்கத்துலயே "வர". மண்டபமே சிரிச்சுது.

காரணம் இதுதான். அந்த நிரல் சொல்லைப் பிரிக்கிற ரெகெக்ஸ் (எது சொல்னு சொல்ற விதி), புள்ளியையும் கொம்பு சுழி விசிறியையும் எழுத்தாவே எண்ணாது. ஜவ்வரிசின்னு போட்டா புள்ளி வர்ற இடத்துல ஒரு வெட்டு, சுழி வர்ற இடத்துல ஒரு வெட்டு. மிச்சம் ஜவ, வர. ஒத்தை எழுத்தா நிக்கிற 'ச'வைத் தூக்கிப் போட்டுடும். தமிழ் யூனிகோட் பகுதி மொத்தத்தையும் ஒரே சொல்லா எடுக்கச் சொல்லி ரெகெக்ஸை மாத்தணும். தமிழ் ஃபான்ட் இருக்கிற இடத்தையும் காட்டணும், இல்லன்னா வெறும் கட்டம் கட்டமா வரும். ரெண்டையும் சரி பண்ணியும் 'கொ'வுல கொம்பு தப்பான இடத்துல விழுந்தா, படம் வரையற பில்லோவோட, எழுத்தைக் கோக்கற ராக்ம் சேரலைன்னு அர்த்தம்.

இவ்வளவும் செஞ்ச பிறகு ஜவ்வரிசி தனியா, சவ்வரிசி தனியா, ஜவ்வரிசிக்கு தனியான்னு மூணா நின்னுச்சு. அதுக்கு மருந்து கிடையாது. ஷீட்டுல உட்கார்ந்து கையாலதான் ஒண்ணாக்கணும்.

நாகலூர் ரோடு, ஏற்காடு

காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்காததுக்கு என்ன வழின்னு எக்ஸ்காலிட்ரா பலகையில ஒன்பது பேர். எட்டுப் பேர் எழுதினதுதான் பலகையில இருந்துச்சு. ஒன்பதாவது ஆள் அரை மணி நேரமா எழுதிட்டேதான் இருந்தார், தனியா, வேற ஒரு வெறும் பலகையில.

முகவரியில # குறிக்குப் பின்னாடி அறை எண், ஒரு கமா, அதுக்கப்புறம் சாவி. பலகையைப் பூட்டித் திறக்கிறது அந்தச் சாவிதான், சர்வருக்கே அது போகாது. லிங்க்கை நகல் எடுக்கும்போது கமாவோட நின்னுட்டா தப்புன்னு ஒரு எச்சரிக்கையும் வராது. வெள்ளைப் பலகை திறக்கும், எழுதலாம், யாருக்கும் தெரியாது. திறந்ததும் மத்தவங்க பேர் போட்ட கர்சர் ஓடுதான்னு பார்க்கணும். ஓடலைன்னா தப்பான இடம்.

மலையில இன்னொண்ணு. கொண்டை ஊசி வளைவுல போனா மாதிரி சிக்னல் வரும் போகும். கூகுள் ஃபார்ம் நெட் இல்லாம அனுப்பாது. டாக்ஸ்னா, கீழே சிக்னல் இருக்கும்போதே அந்தக் கோப்பை ஆஃப்லைனுக்குன்னு குறிச்சு வெச்சா, தோட்டத்துல எழுதினது அப்புறம் தானே சேர்ந்துக்கும்.

கூகுளோட ஜாம்போர்டுல பழைய பலகை வெச்சிருந்தவங்க கதி தெரியும்தானே. 2024 அக்டோபர்ல பார்க்க மட்டும்னாங்க, டிசம்பர் 31-ல மூடியாச்சு. கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே பிடிஎஃப் எடுத்துடுங்க.

சூரமங்கலம்

செவ்வாய்ப்பேட்டை, ஈதர்பேடைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? தறியில தப்பு இல்ல, பாவு பூட்டினதுல தப்பு. அமெரிக்க விளம்பரக்காரர் ஆலெக்ஸ் ஆஸ்போர்ன் இப்படிக் கூடி யோசிக்கிற முறையைப் பரப்பின காலத்துலயே 'முதல்ல தீர்ப்பு சொல்லாதே'ன்னு விதி வெச்சார். முதலாளி ஒரு வரி போட்டாலே அது தீர்ப்புதான். 1958-ல யேல் பல்கலைக்கழகத்துல டெய்லர், பெரி, பிளாக் மூணு பேரும் சோதிச்சாங்க. நாலு பேர் கூடி யோசிச்சதைவிட, நாலு பேர் தனித்தனியா யோசிச்சதைச் சேர்த்தப்ப அதிகம் வந்துச்சு. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க வாயை மூடிட்டுக் காத்திருக்கிறதுதான் பெரிய நஷ்டம்னு டீல், ஸ்ட்ரோபே ரெண்டு பேரும் 1987-ல காட்டினாங்க. அதனால பேச்சே கூடாது, எழுத்துதான்.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ரோர்பாக்னு ஒரு ஜெர்மன்காரர் சொன்ன 6-3-5 முறையை (6 பேர், 3 யோசனை, 5 நிமிஷம்) கூகுள் ஷீட்டுல இப்படிப் போடலாம். 6 பேருக்கு 6 தாள். ஒவ்வொண்ணுலயும் 6 வரிசை, 3 பத்தி. தாளுக்குப் பேர் வேண்டாம், கலர் மட்டும் குடுங்க. முதல் 5 நிமிஷம் அவங்கவங்க தாள்ல முதல் வரிசையில 3 யோசனை. மணி அடிச்சதும் எல்லாரும் வலப்பக்கத் தாளுக்கு நகரணும், மேல இருக்கிறதைப் படிச்சுட்டு அதை வளர்த்தோ புதுசாவோ அடுத்த வரிசையில 3. ஆறு சுத்து, 30 நிமிஷம், 108. அஞ்சு பேர்னா 75.

கெட்டுப்போற இடம் மூணு. ஒருத்தர் நகர மறந்தா ரெண்டு பேர் ஒரே தாள்ல மோதிப்பாங்க, அதனால "இப்போ பச்சைக்காரங்க மஞ்சளுக்கு"ன்னு கலரைச் சொல்லியே கூப்பிடுங்க. போன்ல கட்டம் சின்னது, எழுத்து மறைஞ்சுடும், ஆரம்பிக்கும் முன்னாடியே எழுத்து அடுத்த வரிக்கு மடங்கற மாதிரி டெக்ஸ்ட் ராப் போட்டு வைங்க. மூணாவது, கூகுள் கணக்கோட உள்ளே வந்தா பேர் தெரியும். லிங்க் இருக்கிற யாரும் திருத்தலாம்னு வெச்சு, கணக்கிலிருந்து வெளியே வந்து திறக்கச் சொன்னா ஏதோ ஒரு மிருகத்தோட பேரா மட்டும் காட்டும்.

கொண்டலாம்பட்டி

சூரமங்கலம் அண்ணா, 5 நிமிஷம்ங்கறது காகிதத்துக்கு வெச்ச கணக்குங்க. போன்ல தமிழ்ல அடிக்கிறவருக்கு 5 நிமிஷத்துல ஒண்ணரை யோசனைதான். ரெண்டாவது சுத்துலயே வெறும் கட்டமா நின்னுச்சு, அடுத்தவர் எதைப் படிச்சு எதை வளர்ப்பார்? 8 நிமிஷம் குடுங்க, இல்ல மூணை ரெண்டாக்குங்க.

குரல்ல அடிக்கலாமேன்னு சொல்லாதீங்க. விசைத்தறி ஓடற இடத்துல "பாவு" "பாபு" ஆச்சு, "ஊடை" "உடை" ஆச்சு. வாய்ஸ் நோட் வாங்கி, வெளியே உட்கார்ந்த ஒருத்தர் பேரில்லாம தட்டி ஏத்தினதுதான் வேலை செஞ்சுது.

கடைசியா ஓட்டு. எல்லாரும் வாட்ஸ்அப்ல இருக்கிற ஓட்டெடுப்புதான் (poll) போடறாங்க. அதுல 12 யோசனைக்கு மேல போட முடியாது, யார் எதுக்குப் போட்டாங்கன்னு தொட்டாத் தெரியும். சங்கத்துல பெரியவர் மொதல்ல தொட்டார், ரெண்டு நிமிஷத்துல மத்த பதினாலும் அங்கேயே விழுந்துச்சு. இது முதலாளி வரி கதையேதான், வேற செயலியில. ஓட்டை ஃபார்ம்ல வைங்க, மின்னஞ்சல் சேகரிக்கிறதை அணைச்சுட்டு, ஆளுக்கு 3 டிக், கட்டாயம் 3-ன்னு பதில் சரிபார்ப்புல போட்டு. முடிவுச் சுருக்கத்தை மத்தவங்களுக்குக் காட்டற பொத்தானும் அணைஞ்சிருக்கான்னு பாருங்க.

நாகலூர் ரோடு, ஏற்காடு

ஒரே ஆள் ரெண்டு தடவை ஓட்டுப் போட்டா? மின்னஞ்சல் இல்லன்னா தடுக்க முடியாதே.

கொண்டலாம்பட்டி

முடியாதுதான். 15 பேருக்கு 17 பதில் வந்தா திரும்பப் போடச் சொல்லுங்க.

அயோத்தியாப்பட்டணம்

செவ்வாய்ப்பேட்டை, அந்தப் பச்சை என்ன சொல்ல வந்துச்சு? திருகாணி மரை தேயறதுதானே எல்லாக் கடையிலயும் புகார். காந்தமா, அழுத்தினா மாட்டுற கொக்கியா?

செவ்வாய்ப்பேட்டை

"திருகாணிக்குப் பதிலா". அதோட நிக்குது. மூணு தடவை ஓட்டிப் பார்த்தாச்சு. பேர் போடாம உள்ளே வந்தது, யாருன்னும் தெரியல.